ஆறாயிரத்து நானூறு

மார்ச் 3, செவ்வாய்

அக்காவின் தையல் கடைக்குப் போய்ச் சட்டைத் துணியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அளவெடுக்கும்போது, "கை பெருத்துப்போச்சுடி. நாள் முழுக்க உக்காந்தே இருந்தா வேற என்ன ஆகும்" என்றாள். பாதி வாக்கியத்தில் குரல் கரகரத்து வெறும் காற்று மட்டும் வந்தது. இருவரும் அதைக் கவனிக்காத மாதிரி அடுத்த அளவுக்குப் போனோம்.

அக்காவின் ஆபரேஷனுக்கு ஏப்ரல் 9 என்று டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். குரல்வளையை முழுவதுமாக எடுக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை என்று மூன்று தடவை சொன்னார். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

மார்ச் 4, புதன்

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் போனில் பொறுமையாக விளக்கினார். ஆபரேஷனுக்கு முன்னால் அக்கா ஆயிரத்து நூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்துவிட வேண்டும். ஒரு மென்பொருள் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொள்ளும். அப்புறம் அக்கா போனில் எதைத் தட்டினாலும் அவள் குரலிலேயே பேசும். அவர்களிடமே கொடுத்தால் வரிசை நாலு மாதம். நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

பதினேழு வருஷமாக ஒலிப்புத்தகங்களை வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவள் நான். யார் யாருடைய இருமலையோ பொறுக்கி எடுத்திருக்கிறேன். என் அக்கா குரலை இன்னொருத்தர் கையில் கொடுப்பேனா? "நானே பண்றேங்க" என்று சொல்லிவிட்டேன்.

என் லேப்டாப்புக்கு வயது ஒன்பது. இதற்கு அது தாங்காது. புதுசாக ஒன்று கட்ட வேண்டும்.

மார்ச் 7, சனி

பெட்டி, போர்டு, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் ஒரே நாளில் முடிவாகிவிட்டன. ரேமில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது தகவலைத் தாங்கும் பட்டைகள், ஸ்டிக் என்கிறார்கள்; எல்லாம் ஒரே நீளம், ஒரே அகலம். ஒன்றில் 5600 என்று போட்டிருக்கிறது, ஒன்றில் 6000, ஒன்றில் 6400. நொடிக்கு அத்தனை மில்லியன் தடவை தகவல் கைமாறுமாம். படிக்கப் படிக்க ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் அடித்துப் போடுகிறார்.

அக்கா வீட்டுக்குப் போனபோதும் கையில் அந்தப் பட்டியல்தான். மாமா எட்டிப் பார்த்தார். பஸ் ஓட்டுகிறவர், எதையும் பஸ்ஸாகத்தான் பார்ப்பார். "மீட்டர்ல நூத்தி நாப்பது வரைக்கும் போட்டிருக்கும்மா. நான் இன்னிவரைக்கும் எழுபதத் தாண்டினதில்ல."

"நீங்க ஓட்டறதே மாட்டு வண்டி மாதிரிதான்" என்றாள் அக்கா. மூவரும் சிரித்தோம். அக்காவுக்கு அது இருமலில் போய் முடிந்தது.

மார்ச் 9, திங்கள்

உதிரிபாகக் கடைக்காரரிடம் போனேன். எதைக் கேட்டாலும் "மெதுவா பாத்துக்கலாம்" என்பார். மெதுவண்ணன் என்று நான்தான் பெயர் வைத்தேன், அவருக்குத் தெரியாது.

"ஆறாயிரம் எடுத்துக்கங்க. உங்க போர்டுல நிம்மதியா ஓடும்."

"ஆறாயிரத்து நானூறு ஓடாதா?"

"ஓடும். ரெண்டு ஸ்டிக்தான்னா ஓடும். ஆனா ஒரு மணி நேர வேலை அம்பத்தொம்பது நிமிஷத்துல முடியும், அவ்வளவுதான் வித்தியாசம்."

6400ஐத்தான் வாங்கினேன். இன்னும் முப்பத்தொரு நாள் இருக்கிறது. அந்த ஒரு நிமிஷத்தை எதற்கு விட வேண்டும்? அவருக்கு என்ன தெரியும்?

மார்ச் 11, புதன்

கட்டி முடித்தேன். முதல் தடவையிலேயே எழுந்தது. கையில் இரண்டு இடத்தில் கீறல்.

மார்ச் 13, வெள்ளி

மென்பொருள் முரண்டு பிடிக்கிறது. அறுபத்து நாலு ஜிபி ரேம் வேண்டுமாம். என்னிடம் இருப்பது பதினாறு பதினாறாக முப்பத்திரண்டு. முன்னாடியே படித்திருக்க வேண்டும். நான் வேகத்தைப் பார்த்த அளவுக்கு அளவைப் பார்க்கவில்லை.

மெதுவண்ணனுக்கு போன் போட்டேன். "இந்த ரெண்டையும் திருப்பிக் குடுங்க. முப்பத்திரண்டா ரெண்டு வரவழைச்சுத் தரேன். ஒரு வாரம் ஆகும்."

"இதே மாதிரி இன்னும் ரெண்டு வாங்கிச் சேத்துப் போட்டா?"

"போடலாம். ஆனா நாலு ஸ்டிக் போட்டா வேகத்த நல்லா இறக்கணும். நாலாயிரம் கிட்ட வெச்சுக்கங்க. இல்லன்னா தடுமாறும்."

ஒரு வாரம்! இன்று காலை அக்கா "அலோ" என்றபோது, மாமாதான் எடுத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். நேற்று இருந்த குரல் இன்றைக்கு இல்லை. ஒரு வாரம் நான் எங்கே போவேன்?

மார்ச் 14, சனி

வேறொரு கடையில் அதே மாதிரி ஸ்டிக் இரண்டு, அதே எண் கிடைத்தது. வாங்கி வந்து நான்கையும் செருகினேன். 6400 என்று வைத்து ஆன் செய்தேன். கறுப்புத் திரை. இன்னொரு தடவை, கறுப்பு. மின்னழுத்தத்தைத் துளி ஏற்றினேன். மறுபடி கறுப்பு. இன்னும் துளி ஏற்றினேன். எழுந்துவிட்டது!

சோதனை ஓட்டினேன். பத்து நிமிஷம், ஒரு பிழையும் இல்லை. முழுச் சோதனைக்கு எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தது. நிறுத்திவிட்டேன். நாலு ஸ்டிக், ஆறாயிரத்து நானூறு. திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது. இந்த மாதத்தில் நான் நினைத்தபடி நடந்தது இது ஒன்றுதான்.

மார்ச் 16, திங்கள்

பதிவு தொடங்கியது. என் வீட்டில், துணி அலமாரி இருக்கும் சின்ன அறையில், நாலு பக்கமும் போர்வை தொங்கவிட்டு. புதுக் கம்ப்யூட்டரின் மின்விசிறி இரைகிறது, அதனால் அது ஹாலிலேயே இருக்கட்டும். அறைக்குள் பழைய லேப்டாப்தான்.

முதல் வாக்கியம்: "குடையை மடித்து மூலையில் வை." படித்துவிட்டு அக்கா, "யார் வீட்டுக் குடை?" என்றாள். இரண்டாவது: "மஞ்சள் வண்டி மலைமேல் ஏறியது." "ஏறட்டும், எனக்கென்ன வந்துச்சு? எவன்டி எழுதினான் இதெல்லாம்?" இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்குக் கேள்வி. வாக்கியத்தைவிட வம்புதான் நீளம்.

"வாக்கியத்த மட்டும் படிக்கா. மூச்ச மைக் மேல விடாத."

"மூச்ச வேற எங்கடி விடறது? எங்கூட இருக்கப்போறது இனிமே அது ஒண்ணுதான்."

அடுத்த தாளை நீட்டினேன்.

மார்ச் 17, செவ்வாய்

நூற்றிருபது வாக்கியம். குரல் நேற்றைவிடக் கொஞ்சம் கீழே.

மார்ச் 20, வெள்ளி

வேலை ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. லேப்டாப்பில் பதிவு, அதிலேயே வெட்டி, சுத்தமான வாக்கியங்களைப் புதுக் கம்ப்யூட்டருக்கு நகர்த்துகிறேன். பழைய லேப்டாப், என்றைக்குப் படுக்குமோ, அதை நம்பி வைத்துக்கொள்ள முடியாது. புதுசில் அன்றன்றைய வாக்கியங்களை ஒரே மூட்டையாகச் சுருக்கிக் கட்டி, தனித்தனியாக இருப்பதை அழித்துவிட்டு, மூட்டையை இன்னும் இரண்டு டிஸ்கில் நகல் எடுத்து வைக்கிறேன். ஆக மூன்று இடம். வீடே தீப்பிடித்தாலும் ஒரு டிஸ்க் அக்கா வீட்டில் இருக்கும். கட்டிய மூட்டையைத் திறந்து சரிபார்க்க ஒரு பொத்தான் இருக்கிறது, கால்மணி நேரம் தின்கிறது. அதை அணைத்துவிட்டேன்.

அக்காவின் இருமல், வம்பு, திட்டு எல்லாவற்றையும் லேப்டாப்பிலேயே 'குப்பை' என்று ஒரு இடத்தில் தள்ளிவிடுகிறேன். ஒருநாள் மொத்தமாக அழிக்க வேண்டும்.

மார்ச் 23, திங்கள்

புதுக் கம்ப்யூட்டர் தானாக ஒருமுறை அணைந்து எழுந்தது. அப்டேட்டாக இருக்கும்.

மார்ச் 25, புதன்

மெதுவண்ணனிடமிருந்து செய்தி: "என்ன பண்ணினீங்க? எட்டு மணி நேர டெஸ்ட் ஓட்டினீங்களா?" ஓட்டினேன், சுத்தம் என்று பதில் போட்டேன். எதற்குப் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. வேறு கடையில் வாங்கியதைச் சொல்லக் கூச்சம்.

புதுக் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டபோது ஒரு வாக்கியத்தின் நடுவில் 'டப்' என்று ஒரு சத்தம். மைக் ஒயரை மாற்றினேன்.

மார்ச் 27, வெள்ளி

நானூற்றுப் பதினேழாவது வாக்கியம்: "எனக்கு ஒன்றும் இல்லை, நான் நன்றாக இருக்கிறேன்." அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படித்தாள். ஒரு கரகரப்பு இல்லை, ஒரு இழுப்பு இல்லை. கடைக்கு யாராவது துணியோடு வந்தால் "வாங்க வாங்க" என்பாளே, அந்தப் பழைய குரல். முடித்ததும், "பொய் சொல்லச் சொல்றியேடி" என்று தாளை என்மேல் எறிந்தாள்.

இது ஒன்று போதும் எனக்கு. மென்பொருள் இதைக் கேட்டுப் பழகட்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

ஆயிரத்து நூறு முடிந்தது. நானும் அக்காவும் தரையில் அப்படியே படுத்துவிட்டோம். மென்பொருளைப் பழக்கும் வேலையை ஆபரேஷனுக்கு அப்புறம் நிதானமாகத் தொடங்கலாம். இப்போது ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று ஓட வேண்டியிருக்கிறது. குரல் பத்திரமாக இருக்கிறது.

ஏப்ரல் 8, புதன்

மதியம் அக்கா கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களுக்கு வரிசையாக போன் போட்டாள். தைத்து மாதக்கணக்கில் எடுக்காமல் கிடக்கும் துணிகள். "நாளைக்கு என் தொண்டை போகுது, இன்னிக்கே எல்லாரையும் திட்டி முடிச்சிடறேன்." பதினோரு பேரைத் திட்டினாள். ஒருவருக்கும் விஷயத்தைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

ஆறு மணி நேரம். முடிந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், சத்தமில்லை.

ஏப்ரல் 15, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் நாள் மூட்டையைத் திறந்தேன். பழுது என்றது. சரி, டிஸ்கில் இருப்பதைத் திறந்தேன். பழுது. அக்கா வீட்டு டிஸ்கை வாங்கி வந்தேன். அதுவும் அப்படித்தான். எப்படி இல்லாமல் இருக்கும்? கட்டும்போதே கெட்டுப்போனதைத்தான் மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்! அடுத்த நாள் மூட்டை, அதற்கடுத்த நாள் — ஒவ்வொன்றாக. உள்ளே ஒரு இடத்தில் பிசகினால் அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் வராது.

ஆயிரத்து நூறில் தேறியது இருநூற்றுப் பன்னிரண்டு. அதிலும் டப், டப்.

நானூற்றுப் பதினேழு இல்லை.

என்னடி பண்ணி வச்சிருக்க? ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்க? அவகிட்ட இனிமே போய் மறுபடி படின்னு கேக்க முடியுமா? தொண்டையே இல்லையே.

ஏப்ரல் 16, வியாழன்

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெதுவண்ணனிடம் போனேன். திறந்தவர் நான்கு ஸ்டிக்கையும் பார்த்தார். சோதனையை ஓடவிட்டு எனக்கு நாற்காலி போட்டார். பதினெட்டாவது நிமிஷம் முதல் சிவப்பு வரி. இருபதாவது நிமிஷத்துக்குள் திரை முழுக்கச் சிவப்பு.

பதினெட்டு. நான் பத்தில் நிறுத்தினேன்.

இரண்டு ஸ்டிக்கைக் கழற்றி, 5600க்கு இறக்கி ஓட்டினார். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு பிழையும் இல்லை. ரேம் கெட்டுப்போகவில்லை, போர்டும் நல்ல போர்டு. "நாலும் சேந்து அந்த வேகத்துக்கு ஈடு குடுக்க முடியலம்மா. நின்னு போயிருந்தாகூட உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இது ஓடிக்கிட்டே தப்புப் பண்ணியிருக்கு." பிறகு, "அதுல என்ன வேலை பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

ஏப்ரல் 18, சனி

மாமாவிடம் சொன்னேன். "இப்ப சொல்லாத. வீட்டுக்கு வரட்டும்" என்றார். இனிமேல் அவருக்கும் இதைச் சுமக்கிற வேலை.

ஏப்ரல் 25, சனி

சொல்லிவிட்டேன்.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். கழுத்தில் துளை, அதன்மேல் மெல்லிய துணி. எல்லாவற்றையும் கேட்டாள். பலகையில் எழுதினாள்: "எல்லாமேவா?" இருநூறு மிச்சம், அதுவும் சரியில்லை என்றேன். எழுதினாள்: "ஏன் அவசரம்?"

உன் குரல் போய்க்கிட்டே இருந்துச்சுக்கா, அதான், என்றேன். சொல்லும்போதே எனக்கு அது கேட்கச் சகிக்கவில்லை. காரணமெல்லாம் சரிதான். ஆனால் நான் கடைக்காரர் பேச்சைக் கேட்காததற்கும், பொய் சொன்னதற்கும், அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டதற்கும் அது காரணமில்லையே.

பலகையைத் துடைத்து, "நீ போ" என்று எழுதினாள். திட்டியிருந்தால் நின்றிருப்பேன். அவளால் திட்ட முடியாது. வந்துவிட்டேன்.

மே 3, ஞாயிறு

போனேன். தூங்குகிறாள் என்றார் மாமா. உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மே 9, சனி

இன்றும் அப்படியே. என் சட்டைத் துணி குண்டூசி குத்தியபடி அலமாரியில் கிடக்கிறது என்று மாமா சொன்னார். திருப்பி வாங்கி வரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மே 14, வியாழன்

லேப்டாப்பைத் தலைமுழுகிவிடலாம் என்று முடிவு செய்து, உள்ளே இருப்பதை அழிக்க உட்கார்ந்தேன். 'குப்பை' இருந்தது. அழிக்கும் முன் ஒன்றைத் திறந்தேன்.

"யார் வீட்டுக் குடை?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுத்ததைத் திறந்தேன். அடுத்தது. எல்லாம் வருகிறது, ஒரு டப் இல்லை. புதுக் கம்ப்யூட்டருக்குப் போகத் தகுதியில்லை என்று நான் தள்ளியதால் அதன் கையில் சிக்காமல் தப்பியிருக்கிறது. கூட்டிப் பார்த்தேன்: இரண்டு மணி பத்து நிமிஷம். முழுக்கத் திட்டு, கேலி, முணுமுணுப்பு. "பொய் சொல்லச் சொல்றியேடி" அங்கே இருந்தது. அதைக் கேட்டு அழுதேன், வெட்கமில்லாமல் சத்தமாக.

பேச்சுப் பயிற்சியாளருக்கு போன் செய்தேன். இது போதும், சொல்லப்போனால் இயல்பாகப் பேசியது நல்லதுதான் என்றார். "ஆனா எந்தத் தொனியில பேசியிருக்காங்களோ அந்தத் தொனிதான் வரும்."

அது அவள் குரல். கேட்காமல் நானாக எதுவும் செய்யமாட்டேன்.

மே 16, சனி

மாமா போனுக்கு அந்தக் குப்பையிலிருந்து ஒரு துண்டு அனுப்பி, அக்காவிடம் போட்டுக் காட்டச் சொன்னேன். நாலு தடவை கேட்டாளாம். சாயங்காலம் அவளிடமிருந்தே செய்தி வந்தது. மூன்று வாரத்தில் முதல் செய்தி: "இதுல நான் திட்டிக்கிட்டே இருக்கேன்."

பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று: "பண்ணு. இந்தத் தடவ ஒழுங்கா."

மே 18, திங்கள்

மெதுவண்ணனிடம் பெரிய ஸ்டிக் இரண்டு கேட்டேன். வர எட்டு நாள் ஆகும் என்றார். ஆகட்டும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மே 27, புதன்

வந்தது. இரண்டு ஸ்டிக், 5600. நேற்றுக் காலை பத்து மணிக்குச் சோதனையை ஓடவிட்டேன், இன்று காலை பத்து மணிக்கு நிறுத்தினேன். பிழை: 0. இந்தத் திரையைப் படம் எடுக்கவில்லை. பழைய படத்தையும் அழித்துவிட்டேன்.

குப்பையை — இந்தப் பெயரை முதலில் மாற்ற வேண்டும் — மூட்டை கட்டாமல் அப்படியே நகல் எடுத்தேன். ஒவ்வொன்றையும் திறந்து கேட்கிறேன். மூன்று நாள் வேலை, ஆகட்டும்.

ஜூன் 4, வியாழன்

பேசுகிறது. அக்காதான். ஆனால் "நன்றி" என்று தட்டினால் "ஏன் இவ்வளவு லேட்டு" என்கிற மாதிரி வருகிறது. "நல்லா இருக்கேன்" என்றால் எதிராளியைத்தான் குற்றம் சொல்வது போல இருக்கிறது. என்ன செய்தும் அதை மென்மையாக்க முடியவில்லை. நானூற்றுப் பதினேழாவது வாக்கியத்தைத் தட்டிப் பார்த்தேன். அந்தக் குரல் வரவில்லை. அது போனது போனதுதான்.

மாமாவிடம் அக்கா போனைக் கொண்டுவரச் சொல்லி, அதில் ஏற்றிக் கொடுத்தனுப்பினேன். நான் போகவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

மாமா வந்திருந்தார். நேற்று அக்கா கடையைத் திறந்தாளாம். முதல் வேலையாக ஒரு வாடிக்கையாளருக்கு போன் போட்டு, "உங்க துணி ரெடி" என்று மட்டும் தட்டியிருக்கிறாள். எதிர்முனையில் அந்த அம்மா, "மன்னிச்சுக்கங்கக்கா, உடம்பு சரியில்லாம போச்சு, இப்பவே வந்து எடுத்துக்கறேன்" என்று பதறினாராம். ஆபரேஷன் ஆனதே அவருக்குத் தெரியாது. வைத்துவிட்டு அக்கா தோள் குலுங்கச் சிரித்தாளாம். மாமா அதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று கேட்டேன். இல்லம்மா என்றார்.

ஜூன் 12, வெள்ளி

காலை பதினொன்று இருக்கும், வேலையில் இருந்தேன். போன் அடித்தது. அக்கா எண். செய்தி இல்லை, அழைப்பு. எடுத்து அலோ என்றேன். கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. விரல் மெதுவாகத்தான் போகிறது இன்னும். காத்திருந்தேன்.

"ஏண்டி, உன் சட்டை ரெடி. எப்ப வந்து எடுக்கப் போற?"

அதே குரல், அதே எரிச்சல். நான் வாயைத் திறந்ததும் அந்த வாடிக்கையாளர் சொன்னதுதான் வந்தது: மன்னிச்சுக்கக்கா, இப்பவே வரேன்.

மறுபடி தட்டுகிற சத்தம். இந்தத் தடவை ரொம்ப நேரம்.

"மெதுவா வா."